ஏழாவது பெர்த் கபிரியேல்

அன்றைக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. கல்லறைத் திருநாள் என்றால் எங்கள் ராயபுரத்தில் வேலைக்குப் போகிறவர்கள்கூடக் காலைப் பூசையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சாமந்தியும் மெழுகுவத்திப் புகையும் உள்ளே, காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிற கருவாட்டு வாசனை வெளியே. இரண்டும் கலந்தால்தான் எனக்கு அது நவம்பர் மாதம்.

புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர். எங்கள் ஊர்ப் பெயர்கள் அவர் வாயில் கொஞ்சம் இடறும்.

"பனைமரத்தொட்டி அந்தோணியம்மாள். துறைமுகத்து மிக்கேல். கல்மண்டபம் ஆரோக்கியம்." ஒரு தாளைத் திருப்பினார். "ஏழாவது பெர்த் கபிரியேல்."

ஆண்கள் பக்கத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கோயில் அதிர எழுந்தது.

"அய்யோ, பூட்டானா!"

சாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். துறைமுகத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். சாமியார் ஒன்றும் புரியாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

ஏழாவது பெர்த் கபிரியேல் என்று ஒரு ஆள் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அவன் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வருகிறவன். அவன் பெயரைச் செத்தவர்கள் பட்டியலில் கொடுத்தது நான். இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதே என்று என்னைத் தடுத்து வைத்திருந்தவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

டாலி சீட்டின் பின்பக்கம்

அவர்தான் ராயபுரம் சவரி. விஞ்ஞானக் கதை எழுதினவர். செய்தித்தாளில் நாலு வரி போட்டிருந்தார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று வரி 'ஏழாவது பெர்த்' கதையைப் பற்றி. அப்படி ஒரு கற்பனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் வியந்திருந்தார். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

சவரிமுத்து என்பது முழுப் பெயர். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை நாலு கோடு நேராக, ஒரு கோடு குறுக்காகப் போட்டு எண்ணுகிற வேலை. கதைகளையும் அந்த டாலி சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். கையெழுத்து என்றால் அப்படி ஒரு கையெழுத்து. கோழி நடந்துபோன மாதிரி இருக்கும். பத்திரிகை ஆபீசில் 'கதை நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் படிக்க முடியவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் என்னிடம் வந்தார். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் வாத்தியாரம்மா. (அந்த மெஷின்களைப் பற்றி மூன்று வாரம் முன்பு எழுதினதைப் படித்துவிட்டு, 'ழ' விசை எங்கே இருந்தது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, என் விரலுக்குத் தெரியும், வாயால் சொல்லத் தெரியாது.) தமிழ் மெஷின் ஒன்றே ஒன்று. பசங்கள் போன பிறகு அதில் அவர் கதையை அடித்துக் கொடுப்பேன்.

முதல் நாள் வந்து நின்றது நினைவிருக்கிறது. இரும்புத் தாது ஏற்றிய கப்பல் போலிருக்கிறது, சட்டையெல்லாம் சிவப்புத் தூசி. கையில் அழுக்குக் காகிதக் கட்டு.

"தங்கச்சி, இத்த ஒரு மனுசன் படிக்கிற மாதிரி அடிச்சுக் குடுக்க முடியுமா?"

"முதல்ல நான் படிக்க முடியணுமே அண்ணே."

"நான் குந்திகினு படிக்கிறேன், நீ அடி."

அப்படித்தான் நடந்தது. அவர் படிப்பார், நான் அடிப்பேன். அவர் குரல் கணீரென்று இருக்கும். பூசை தமிழுக்கு மாறினதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதாகம வாசகம் படிக்கிறவர் அவர்தான். அவர் படித்தால் கைக்குழந்தைகள்கூட அழாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த மனிதருக்குக் கதை எழுதுவதைவிட அதில் பெருமை அதிகம்.

விஞ்ஞானத்தை எங்கே படித்தார் என்று கேட்பீர்கள். ருஷ்யக் கப்பல்காரர்கள் கொடுத்த படப் புத்தகம், மூர் மார்க்கெட்டில் வாங்கின பழைய பாடப் புத்தகம், அப்புறம் வருகிற கப்பலில் எல்லாம் ரேடியோ ஆபீசரைப் பிடித்துக்கொண்டு அரைகுறை இங்கிலீஷில் கேட்கிற கேள்விகள். ஒரு கிரேக்கக் கப்பல்காரர் இவர் தொல்லை தாங்காமல் ஒரு டின் பால் கொடுத்து அனுப்பினாராம். பாலை வாங்கிக்கொண்டு மறுநாளும் போனார்.

மூன்று தட்டு

இனி கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் அடியறை கிணறு மாதிரி ஆழமாக இருக்கும். சாப்பிட்ட பிறகு சில ஆட்கள் அங்கேயே மூட்டைமேல் கண் அயர்ந்துவிடுவார்கள். அதனால் பலகை போட்டு மூடுவதற்கு முன், மேஸ்திரி தன் இரும்புக் கொக்கியால் விளிம்பில் மூன்று முறை தட்டுவார். தட்டிவிட்டுக் காது கொடுத்து நிற்பார். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தட்டு பதிலுக்கு வரும். வரவில்லை என்றால்தான் மூடலாம். அந்தக் காலத்தில் நம் துறைமுகத்தில் அதுதான் பழக்கம்.

சவரி அண்ணன் கதையில் ஏழாவது பெர்த் என்று, கப்பல் வந்து நிற்கிற துறை ஒன்று கட்டினார். அதில் தண்ணீர் கிடையாது. வானத்தில் போகிற கப்பல்கள் வந்து நிற்கும். தூரத்துக் கிரகத்தில் குடியேறப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே அரிசி மூட்டையும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றி அனுப்புவார்கள். மாலுமி இல்லாமல் தானாகவே ஓடுகிற கப்பல்கள். கிளம்பினால் திருப்ப முடியாது.

சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிற கபிரியேல் ஒரு மத்தியானம் அரிசி மூட்டைமேல் தூங்கிப் போனான். புது மேஸ்திரி, அவசரம், தட்ட மறந்தான். கப்பல் போய்விட்டது. மாலையில் அவன் மனைவி லூர்து, சாப்பாடு கொண்டுவந்த தூக்கைத் திரும்ப வாங்கிப்போக வந்து பெர்த்தில் நிற்கிறாள்.

அப்போது ரேடியோ அறையில் மூன்று தட்டு கேட்கிறது. உள்ளே இருந்து கபிரியேல் கொக்கியால் தட்டுகிறான். அந்தக் கப்பலிலிருந்து பேச்சு வராது, இந்தத் தட்டு ஒன்றுதான் வரும். லூர்து பதிலுக்கு மேசையில் மூன்று தட்டுகிறாள். உடனே மறுபடி மூன்று.

கப்பல் தூரம் போகப் போக, பதில் வர நேரமாகிறது. முதலில் ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் சோறு வேகிற நேரம். அப்புறம் ஒரு பகல். பிறகு ஒரு திருநாளுக்குத் தட்டினால் அடுத்த திருநாளுக்குப் பதில். வாராவாரம் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். வேறு சண்டையோ சாகசமோ கதையில் இல்லை. ஆனாலும் பெட்டிக்கடையில் புத்தகம் வந்து இறங்குகிற அன்று துறைமுக கேட்டில் ஆள் நிற்கும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சத்தமாகப் படிக்க, ஒரு கேங் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

ஒன்பது நாள் பிந்திய கடிதம்

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதினதே இல்லை. ஆசிரியர்கூட ஒருமுறை நாசூக்காகக் கேட்டார். மழுப்பிவிட்டேன்.

அவர் பெயர் பீட்டர். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதில் அவர் வீட்டில் இருந்தது மூன்று மாதம். மூன்றாவது பயணத்தில் கப்பலைப் பற்றித் தகவல் நின்றுபோனது. எங்கோ தூரக் கடலில் புயல் என்றார்கள். கப்பல் மூழ்கினதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 'விவரம் தெரியவில்லை' என்று ஒரு காகிதம் வந்தது.

அந்தக் காகிதம் வந்து ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது.

தபால்காரர் கையில் அந்த நீலக் கடிதத்தைப் பார்த்த நிமிஷத்தை நான் எழுதப் போவதில்லை. படித்தேன். கப்பலில் ஒரு பூனை ஏறிவிட்டது, சமையல்காரர் அதற்கு மீன் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார், எனக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கியிருக்கிறேன், நிறம் சொல்ல மாட்டேன். கடைசியில் எழுதியிருந்தார்: 'இது உன் கைக்கு வரும்போது நான் அடுத்த துறைமுகத்தில் இருப்பேன்.'

சவரி அண்ணனிடம் கொண்டு ஓடினேன். கப்பல் கணக்குத் தெரிந்தவர் அவர்தானே. தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். 

"தகவல் நின்னு போனதுக்கு நாலு நாள் முன்னாடி போட்ட லெட்டரும்மா இது."

"அப்ப?"

"அப்ப இன்னா, அன்னிக்கி நல்லா இருந்தாருன்னு தெரியுது. அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

பிறகு என்னை மாடி ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். துறைமுகத்தில் தூரத்தில் ஒரு மெஷின் கடலுக்குள் தூண் இறக்கிக்கொண்டிருந்தது. பெரிய சம்மட்டி மேலே போய் விழும்.

"பாரு, உழுந்துச்சா? சத்தம் வந்துச்சா?"

வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் 'தொம்' என்று வந்தது. அதற்குள் சம்மட்டி மறுபடி மேலே போயிருந்தது.

"நாம கேக்குறது எப்பவுமே முன்னாடி நடந்ததுதான் பிலோமி. இப்ப சம்மட்டி எங்க கீதுன்னு காதுக்குத் தெரியாது."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். தெரிந்ததைச் சொன்னார். எனக்கு அப்போது அவர் தலையில் அந்தச் சம்மட்டியைப் போடலாம் போலிருந்தது.

இது நடந்து மூன்று வருஷம் கழித்து வந்ததுதான் 'ஏழாவது பெர்த்'. ஏழாவதோ எட்டாவதோ அத்தியாயத்தை அவர் படிக்க நான் அடித்துக்கொண்டிருந்தேன். லூர்துவுக்கு ஒரு தட்டு வருகிறது. ரேடியோக்காரர் விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொல்கிறார்: 'அம்மா, இது போன வருஷம் தட்டினது. அன்றைக்கு நன்றாக இருந்தார் என்று தெரிகிறது. அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.'

என் விரல்கள் நிற்கவில்லை. கோபம் வந்தால் என் கை தப்புப் பண்ணாது. அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட இருக்காது. அடித்து முடித்து, காகிதத்தை உருவி அவர் முன்னால் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைத் தேடினார். அவருக்குத் தொப்பியே கிடையாது.

கீறானா, செத்தானா?

கடைசி அத்தியாயத்தில் லூர்து கிழவியாகிவிட்டாள். ரேடியோ அறையில் மூன்று தட்டு கேட்கிறது. அவள் தலை கறுப்பாக இருந்தபோது கபிரியேல் தட்டியது அது. லூர்து பழைய கொக்கியை எடுத்து மேசையில் மூன்று தட்டுகிறாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிறாள். அவ்வளவுதான், முற்றும்.

துறைமுகம் பொங்கிவிட்டது. மறுநாள் என் மாடிப்படியில் திபுதிபுவென்று காலடிச் சத்தம். கன்னியப்பன் மேஸ்திரி. வியாசர்பாடிக்காரர், சவரி அண்ணனின் தோஸ்து, யானை மாதிரி உடம்பு. அவர் உட்கார்ந்தால் முக்காலி அழும்.

"ஏம்மா, நீதான அத்த டைப் அடிக்கிறது? உண்மையச் சொல்லிடு. கபிரியேலு கீறானா, செத்தானா?"

"எழுதினவரைக் கேளுங்க மேஸ்திரி."

"கேட்டேம்மா. தெரியாதுன்றாரு. பெத்தவனுக்கே தெரியாதுன்னா இன்னா அர்த்தம்? கேங்குல பாதிப் பேரு கீறான்றான், பாதிப் பேரு செத்துட்டான்றான். நேத்து இதுல ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுகினானுங்க. ஒரே பேஜாரு. எனக்கு மட்டும் சொல்லு, யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு லூர்து அங்க குந்திகினே கீதும்மா. எனக்குச் சோறு எறங்கல."

அடையாளம் சொல்லும்மா

அந்த வருஷம் என் வீட்டிலும் இதே கேள்விதான். என் நாத்தனாருக்கு என்மேல் கோபம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"நாலு வருசமாச்சு பிலோமி. அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை கெடையாது, ஒரு மெழுகுவத்தி கெடையாது. உத்தரிக்கிற ஸ்தலத்துல யாரும் இல்லாத அனாதை மாதிரி கெடக்குறான். நீ பேரு குடு. நீதான் குடுக்கணும்."

கட்டினவள் இருக்கும்போது அக்கா கொடுப்பது முறையில்லை என்று அவள் எண்ணம். எனக்கோ இரண்டு பக்கமும் பயம். அவர் செத்திருந்தால், மோட்சத்துக்கு முன் பாவம் கழிய வேகிற அந்த நெருப்பில், என் பிடிவாதத்தால் உதவியில்லாமல் கிடக்கிறார். உயிரோடு எங்காவது இருந்தால், என் கையாலேயே அவரைச் செத்தவர் பட்டியலில் எழுதுகிறேன். எதைச் செய்தாலும் பாவம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, நாத்தனார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், செத்தவர்கள் பெயர் கொடுக்கிற வரிசையில் நிறுத்தினாள். அவள் மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றப் போனாள். மேசைக்குப் பின்னால், சாமியாருக்கு உதவியாக இருக்கிற வயதான உபதேசியார். கண் மங்கல், காதும் அப்படித்தான். காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

வாயைத் திறந்தேன். பீட்டர் என்று வரவில்லை.  பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

"பேரச் சொல்லும்மா, வரிசை நிக்குது."

"கபிரியேல்," என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

"எந்தக் கபிரியேலு? ஏற்கனவே நாலு பேரு கீறாங்க இதுல. அடையாளம் சொல்லும்மா."

எங்கள் கோயில் வழக்கம் அது. ஒரே பெயர் நிறைய இருப்பதால், தெருவோ வேலையோ சேர்த்துத்தான் எழுதுவார்கள். வேண்டுதல் ஆள் மாறிப் போய்விடக் கூடாதே.

"ஏழாவது பெர்த்து."

எழுதிக்கொண்டார். எனக்கு உடம்பு லேசானது. நாத்தனார் திரும்பி வந்து, "குடுத்துட்டியா?" என்றாள். கொடுத்துட்டேன் என்றேன். அதில் பொய்யில்லை.

பிறகுதான் திருநாளன்று அந்தக் குரல். கன்னியப்பன் மேஸ்திரி, தன் கேங்கில் செத்துப்போன மிக்கேலின் பெயரைக் கேட்க வந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் தூணில் சாய்ந்து நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பீடத்திலிருந்து சாமியாரே சொல்லிவிட்டார், இனி சந்தேகமில்லை என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு பெயரைச் சொன்னேன், ஆள் செத்தே போனான்.  பீட்டரின் பெயர் என் வாயில் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நாத்தனார் கடைசிப் பெயர் வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

பீடத்துக்குப் பின்னால்

பூசை முடிந்ததும் யாரோ சாமியாரிடம், அது பத்திரிகைக் கதையில் வருகிற பெயர் என்று ஓதிவிட்டார்கள். பீடத்துக்குப் பின்னாலிருக்கிற அறைக்கு சவரி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். நான் பின்னாலேயே போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

"இது கோயிலா, கூத்து மேடையா? செத்தவங்க பேரோட உம்ம கதைக்கு விளம்பரமா? யார் கொடுத்தது இந்தப் பேரை?"

உபதேசியார் பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "கூட்டத்துல சரியாத் தெரியல சாமி. பொம்பளக் கொரலு."

நான் ஓரடி முன்னால் வைத்தேன். சவரி அண்ணன் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. குறுக்கே வந்து, எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என் வூட்டுக்காரிய அனுப்பிச்சேன் சாமி. நான்தான் குடுத்தேன். தப்புதான்."

சாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் கோபக்காரர். இனி நீர் வாசகம் படிக்க வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சவரி அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"நான் உள்ள போய்ச் சொல்றேன் அண்ணே."

"இன்னான்னு சொல்லுவ? வூட்டுக்காரன் பேரு வாயில வரலன்னு அவருகிட்ட சொல்லுவியா? உன் நாத்தனாருகிட்ட சொல்லுவியா? வுடு."

"உங்க வாசகம் போச்சே."

"உன் லெட்டர நான் கேக்காம எடுத்துகினேன். என் ஆள நீ கேக்காம எடுத்துகின. நீ டைப் அடிச்சுகினு இருந்தப்போ உன் மூஞ்சியப் பாத்தேன் பிலோமி. அன்னிலேந்து எனக்குத் தூக்கம் இல்ல. இப்ப வரும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "கபிரியேல் இருக்கானா அண்ணே?"

"தெரியாது. தட்டுனது வரைக்கும்தான் தெரியும்."

அந்தப் பக்கம் கன்னியப்பன் மேஸ்திரி ஆட்களோடு துக்க வீட்டு முகத்துடன் நின்றுகொண்டிருந்தார். சவரி அண்ணன் அவர்களிடம் போனார். "இன்னா நைனா, ஊர்ல ஒரே ஒரு கபிரியேலா? அது வேற ஆளு. இது என் தப்பு, பேரு கொழம்பிப் பூடுச்சு. நம்ம ஆளு அங்கதான் கீறான், தட்டிகினு கீறான்." மேஸ்திரியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அப்படியே சவரி அண்ணனைத் தூக்கிவிட்டார்.

தான் செய்யாத குற்றத்தைத் தன்மேல் போட்டதற்காக அவர் மனைவி ஒரு மாதம் அவரைத் திட்டினார். அடுத்து வந்த பங்குச் சாமியார் திரும்பப் படிக்கக் கூப்பிட்டார். கண் தெரியவில்லை என்று இவர் மறுத்துவிட்டார். பச்சைப் பொய். எண்பது வயதிலும் ஊசியில் நூல் கோர்த்தவர். ஒரு தடவை இழந்ததைத் திரும்ப வாங்கினால் ஏன், எதற்கு என்று பேச்சு வரும், அதில் என் பெயர் வெளியே வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு இன்றைக்கும் வலிக்கிற இடம் இதுதான். கதைக்காக அவரைப் புகழ்கிறவர்கள் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

போன மாதம்

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். மகன் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். காது போய்விட்டது. என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மகன் காப்பி போட உள்ளே போனதும் கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டார்.

"குடுத்தியா?"

எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை. பீட்டர் பெயரை இன்னும் கொடுக்கவில்லை என்று தலையாட்டினேன்.

"எனக்குக் குடுப்ப இல்ல?"

"என்ன பேச்சு அண்ணே இது."

"குடுப்ப. அப்ப கூடவே அவரையும் எழுது. தனியா அனுப்பத்தான உனக்குப் பயம்? நான் கூட்டினு போறேன். டாலி கிளார்க்கு நானு, ஆள் தப்பாம எறக்கிடுவேன்."

மகன் காப்பியோடு வந்தார். மழை வருமா வராதா என்று பேசினோம். பத்து நாளில் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கக் கோயில் ஆபீசுக்குப் போனேன். இப்போது அங்கே கம்ப்யூட்டர். ஒரு சின்னப் பெண் இரண்டே விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். என் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தால் அந்த விரல்களை ஸ்கேலால் ஒரு போடு போட்டிருப்பேன்.

"பேரு சொல்லுங்க பாட்டி."

"சவரிமுத்து."

"நிறைய சவரிமுத்து இருக்காங்க. அடையாளம்?"

"வாசகம் படிக்கிறவர்."

அடித்தாள். "வேற யாராவது சேக்கணுமா?"

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதே மரமா, அதன் பிள்ளையா என்று தெரியவில்லை. கையில் குடை இருந்தது, அதை நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

"பீட்டர்," என்றேன். "எஞ்சின் அறை பீட்டர்."

சத்தமாகத்தான் வந்தது. என் காதாலேயே கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அவள் முடிப்பதற்குள் என் விரல் முட்டி மேசையில் மூன்று முறை தட்டியது.

"இதோ முடிச்சிட்டேன் பாட்டி, அவசரப்படாதீங்க."

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. நீ மெதுவா அடி," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.